குளத்தில் யார் இறங்குவது

6-1-1978, வெள்ளி

கரமனை பஸ் இன்றைக்கும் நிற்காமல் போயிற்று. ஆபீஸுக்கு இருபது நிமிஷம் லேட். சூப்பிரண்ட் கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர்தான் முதலில் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

ஞாயிறு எங்கள் அக்கிரகாரத்துச் சமூகக் கூட்டமாம். தெக்கேக்குளத்தை மண் போட்டு மூடி, கல்யாண மண்டபம் கட்டப் போகிறார்களாம். "நல்லதாப் போச்சு, கொசு ஒழியும்" என்றாள் அம்மா. எனக்குச் சுருக்கென்றது. நான் அதில் குளித்தே எட்டு வருஷம் ஆகிறது, பிறகு ஏன் சுருக்கென்கிறது? ஆப்பிரிக்கன் பாயல் என்கிற மிதக்கும் பாசி வந்து மூடியதிலிருந்து தெருவில் ஒருவரும் இறங்குவதில்லை. பச்சைப் பாய் விரித்த மாதிரி கிடக்கிறது, கோழி நடந்து போகலாம்.

8-1-1978, ஞாயிறு

சமூக மடத்தில் பெண்கள் உட்காரப் பின்னால் ஒரு ஜமக்காளம். அங்கிருந்து ஒருத்தியும் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. தீர்மானத்தை முன்னாலேயே எழுதி வைத்திருந்தார்கள். கையெழுத்துதான் பாக்கி. அதுதான் எனக்கு ஆத்திரம். எழுந்துவிட்டேன்.

"குளத்தை மூடினா தெருக் கிணறெல்லாம் வத்திப் போகும், மாமா."

ஹரிஹரய்யர் பதினோரு வருஷமாகத் தலைவர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "விஜயம், வெள்ளமே கண்ணுக்குத் தெரியலை. இதைப் போய் குளம்னு யார் சொல்லுவா?"

"பாயலை எடுத்தா தண்ணி தெரியும்."

"எடுக்கணும், சரி. யார் எறங்குவா? நீயா?"

மடமே சிரித்தது. ஜமக்காளத்திலும் சிரித்தார்கள். அம்மா என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆமா. நான்தான்."

அவருக்கும் விளையாட்டுத்தான். "சரி. சித்திரை விஷுவுக்குள்ள வெள்ளம் முழுக்கத் தெரியட்டும், குளம் நிக்கட்டும். தெரியலைன்னா மண்ணு விழும். சம்மதமா?"

"சம்மதம். மினிட்ஸ் நோட்டில எழுதிக் கையெழுத்துப் போடுங்கோ" என்றேன். சிரித்துக்கொண்டே போட்டார். போடட்டும்.

15-1-1978, ஞாயிறு

அப்பாவின் பழைய அரைக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். "முப்பது வயசாகப் போறது, இந்தக் கோலத்தில உன்னை எவன் பாக்க வருவான்?" என்றாள் அம்மா. வராதவன் வராமலே இருக்கட்டும்.

ஆபீஸ் டைப்பிஸ்ட் ரத்னாபாய் வந்தாள். நாகர்கோவில்காரி, பயமே கிடையாது. தெருவிலிருந்து இரண்டு காலேஜ் பிள்ளைகள். ஒருவன் காலில் அட்டை கடித்ததும் இருவரும் வீட்டுக்குப் போனார்கள். கல்படி ஓரத்தில் ஒரு ஓலைப்பாய் அகலம் சுத்தம் செய்தோம். தண்ணீர் கறுப்பாக, நாற்றமாக இருந்தது. ஆனாலும் தண்ணீர்.

உடம்பெல்லாம் அரிக்கிறது.

22-1-1978, ஞாயிறு

போன வாரம் எடுத்த இடத்தைத் தேடினேன். காணோம். அத்தனையும் மறுபடி மூடிக் கிடந்தது. படியில் உட்கார்ந்து அழுதேன். ரத்னாபாய் பார்க்காத மாதிரி கைகழுவினாள்.

பின்பக்கக் கரையில் பெரிய சட்டை போட்ட ஒரு பெண் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கட்டட வேலைக்காரர்களின் லைன் வீடுகள். எல்லாம் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள்.

"எம்மா, ஏன் அழுதிய? எடுத்தத எல்லாம் கரையோரமா வச்சா, சரிஞ்சு மறுக்க உள்ளதான விழும்? தூரத்துல கொண்டு போடணும்லா?"

"நாங்க ரெண்டு பேர். எப்படிக் கொண்டுபோறது?" என்று எரிந்து விழுந்தேன்.

"கேட்டாத்தான தெரியும், ஆளு இருக்கா இல்லியான்னு" என்றாள் அவள். பெயர் வடிவம்மாள். அவர்கள் கிணறு குளத்தை ஒட்டி இருக்கிறது. குழாய் இரண்டு நாளைக்கு ஒரு தடவை வரும், மற்ற நாள் அந்தக் கிணறுதான். குளத்தில் மண் விழுந்தால் அதுவும் போச்சு. பதினோரு குடும்பம் அப்புறம் எங்கே போகும்? தீர்மானம் எழுதினவர்கள் இதை யோசித்ததே இல்லை. நானும்தான் யோசிக்கவில்லை.

29-1-1978, ஞாயிறு

இருபத்திரண்டு பேர்! வாரத்தில் ஆறு நாள் கல்லும் மண்ணும் சுமக்கிறவர்கள், ஓய்வு நாளில் வந்து நின்றார்கள்.

தளவாய் என்று ஒரு கொத்தனார். அதிகம் பேசமாட்டார். வாழைத்தண்டுகளைக் கயிற்றில் கோத்துக் குளத்துக்குக் குறுக்கே மிதக்கவிட்டார். இரண்டு கரையிலும் ஆள் நின்று இழுத்தால் பாயல் மொத்தமும் ஒரு மூலைக்கு ஒதுங்குகிறது. பிறகு கான்கிரீட் போடுகிற மாதிரி வரிசை. குளத்திலிருந்து ரோட்டோரக் குழிவரை ஆள் ஆளாக நின்று சட்டியைக் கைமாற்றுகிறார்கள். நான் நிரம்பிய சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

வடிவம்மாள் அதட்டினாள். "எம்மா, நீங்க நடக்கப்பிடாது. சட்டிதான் நடக்கணும். நின்ன எடத்துல நில்லுங்க."

என்னை அதட்டுகிறாள்! ஆனால் நின்றேன்.

12-2-1978, ஞாயிறு

சாலை பஜாரில் ஒரு விசில் வாங்கினேன். வரிசையை ஒழுங்கு பண்ணத்தான். தலைவி என்றால் ஒரு கட்டுப்பாடு வேண்டாமா? மூன்று தடவை ஊதினேன். நாலாவது தடவை வடிவம்மாள் சட்டியைக் கீழே வைத்தாள்.

"அந்த ஊதிய முந்தானையில முடிஞ்சு வைங்க. இது என்ன போலீஸ் பரேடா? கை எப்ப ஓயும், எப்ப ஓடும்னு எங்களுக்குத் தெரியாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். ரத்னாபாய் கூட. முகம் சுட்டது. விசிலை அங்கேயே குழியில் போட்டேன். இனி ஊதமாட்டேன், ஆனால் அவள் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

19-2-1978

காலே அரைக்கால் குளம் தெரிகிறது. அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தாளாம், ரத்னாபாய் சொன்னாள்.

12-3-1978, ஞாயிறு

பாதி! பாதி குளம்! மீன்கொத்தி ஒன்று வந்து முங்கிப் போயிற்று. இத்தனை நாள் அது எங்கே இருந்தது?

மாடம்மாள், வடிவம்மாளின் நாத்தனார், பின்பக்க மண்கரையில் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு பிசகிவிட்டது. எண்ணெய் போட்டுக் கட்டினார்கள். "ஜாக்கிரதையா எறங்கக் கூடாதோ?" என்று கடிந்துகொண்டேன்.

26-3-1978, ஞாயிறு

முக்கால். வடகிழக்கு மூலை மட்டும் பாக்கி. விஷுவுக்கு இன்னும் இருபது நாள் கூட இல்லை. முடித்துவிடுவோம். ஹரிஹரய்யர் முகத்தைப் பார்க்க வேண்டும்!

29-3-1978, புதன்

ஹரிஹரய்யரே வீட்டுக்கு வந்தார். பத்து வருஷத்தில் முதல் தடவை. அம்மா காப்பியோடு ஓடினாள்.

"சாதிச்சுட்டே விஜயம். நான் தோத்தேன்னு சொல்றதில எனக்குக் கூச்சமில்லை. பதிமூணாந் தேதி காலம்பற புண்யாகம் பண்ணிடலாம். விஷுவன்னிக்கு எல்லாரும் ஸ்நானம். நோட்டீஸ் உன் கையால இருக்கட்டும், உன்னோட பணியாக்கும் இது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. புண்யாகம் எங்கள் தெருவில் என்ன புதிதா? குழந்தை பிறந்தால், யாராவது போனால், கிணறு தூர்வாரினால் கூட வாத்தியார் மந்திர ஜலம் தெளித்துத் தீட்டுக் கழிப்பார். சமூகத்துப் பழைய நோட்டீஸ் ஒன்றை எடுத்துத் தந்தார். அதைப் பார்த்தே எழுதினேன். "குளத்தில் பலரும் இறங்கியபடியால் 13-ந் தேதி புண்யாகம் செய்விக்கப்படும். அதன் பிறகே தெருவாசிகள் ஸ்நானத்துக்கு இறங்கலாம்." கீழே என் பெயர். காரியதரிசி, குளம் கமிட்டி என்று அவரே சொன்ன பட்டம். எழுத்து அழகாக வந்திருந்தது.

31-3-1978

குளத்தங்கரைப் பலகையில் நானே ஒட்டினேன்.

2-4-1978, ஞாயிறு

ஒருவரும் வரவில்லை. ஏழரை மணிவரை நானும் ரத்னாபாயும் நின்றோம். வடகிழக்கு மூலைப் பாயல் நடுக்குளத்துக்கு நீள ஆரம்பித்திருக்கிறது.

கோபத்தோடு லைன் வீட்டுக்குப் போனேன். தளவாய் வாசலில் பூச்சுக் கரண்டியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நோட்டீசு படிச்சேன். பலரும் எறங்கினதால தீட்டுக் கழிக்கணும்னு போட்டிருக்கு. அந்தப் பலரு யாரும்மா?"

"அது வழக்கமா எழுதறது. எல்லாத்துக்கும் பண்ணுவா. உங்களைச் சொல்லலை."

"அட்டைக் கடி வாங்கினது நாங்க. கை பிசகினது எங்க மாடம்மாளுக்கு. இப்ப எங்க கால் பட்ட தண்ணியக் கழுவிட்டு நீங்க குளிப்பிய. அப்படித்தான?"

"நானும்தானே எறங்கினேன்! எனக்கும் சேத்துத்தானே புண்யாகம்!"

இப்போதுதான் நிமிர்ந்தார். "அப்படியா. சரி, அது முடிஞ்ச பொறவு ஒங்கள குளிக்க விடுவாகளா? எங்கள?"

என்னை விடுவார்கள், அவர்களை விடமாட்டார்கள். திரும்பி வந்தேன். நன்றி கெட்டவர்கள் என்று வழியெல்லாம் ரத்னாபாயிடம் பொரிந்தேன். அவள் பஸ் ஏறும்போது ஒரே வார்த்தை சொன்னாள். "விஜயம், நானும் அந்தப் பலருல உண்டு, கேட்டியா?"

3-4-1978, திங்கள்

ஆபீஸில் ரத்னாபாய் முகம் கொடுத்துப் பேசவில்லை.

என்ன பண்ணிட்டேன் நான்? பகவானே, என்ன பண்ணிட்டேன்? எழுதும்போது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வடிவம்மாள் வாசிச்சா எப்படி இருக்கும்னு நெனச்சேனா? இல்லை. எழுத்து அழகா இருக்கான்னு பாத்தேன்.

இன்னொன்று. மாடம்மாள் ஏன் மண்கரையில் விழுந்தாள்? பத்தடி தள்ளிக் கல்படி இருக்கிறதே? இரண்டு மாசமாக அவர்கள் ஒருத்தர் கூடக் கல்படியில் கால் வைக்கவில்லை. எல்லோரும் வழுக்குகிற மண்கரை வழியாகத்தான் இறங்கினார்கள், ஏறினார்கள். நான் மட்டும் கல்படியில் ஜம்மென்று நின்று விசில் ஊதினேன். கண் இருந்தும் பார்க்கவில்லை. அவளைப் போய் ஜாக்கிரதையாக இறங்கு என்று கடிந்தேனே! வெட்கமாக இருக்கிறது. இந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போவதில்லை, இருக்கட்டும்.

4-4-1978, செவ்வாய்

ஆபீஸ் விட்டதும் நேரே வடிவம்மாளிடம் போனேன். குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தப்பு என்னோடது" என்றேன். இந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்து எத்தனை வருஷமோ.

"தெரியும்" என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

"நீங்க ஏன் கல்படியில எறங்கலை?"

"நீங்க எறங்கச் சொல்லலியே."

"நான் சொல்லணுமா?"

"அது ஒங்க தெருப் படி. எறங்கினா சண்ட வரும், குளத்து வேல நின்னு போகும்னு நாங்கதான் பேசிக்கிட்டோம். குளம் முக்கியம்லா?" குடத்தை ஒருதரம் கவிழ்த்து வைத்தாள். "நோட்டீசு நீங்க எழுதினிய. நீங்கதான் கிழிக்கணும். நாங்க கிழிச்சா வேற மாதிரி ஆயிரும்."

"கிழிச்சா வருவேளா?"

"மொத கிழிங்க."

5-4-1978, புதன்

மடத்தில் சமூகக் கமிட்டி கூடியது. ஜமக்காளத்தில் உட்காரவில்லை. நேரே மேஜைக்கு முன்னால் போய் நின்றேன்.

"நோட்டீஸ் நான் எழுதினது. தப்பா எழுதிட்டேன். கிழிக்கறேன்." கொண்டுபோயிருந்த நகலைக் கிழித்து மேஜை மேல் வைத்தேன்.

ஹரிஹரய்யர் பொறுமையாகத்தான் பேசினார். "நீ கிழிச்சா புண்யாகம் நின்னுடுமா?"

"நிக்காது. ஆனா அதில என் பேர் இருக்காது."

"தெருக்காரா ஒருத்தரும் குளத்தில எறங்கமாட்டா, தெரியுமோ?"

"எறங்காண்டாம்."

"ஆரும் குளிக்காத குளம் என்னத்துக்கு? மண்ணு போடலாமே."

"மினிட்ஸில குளிக்கறதைப் பத்தி எழுதலை, மாமா. வெள்ளம் தெரியணும்னு எழுதியிருக்கேள். உங்க கையெழுத்து."

வெளியே வந்து குளத்தங்கரைப் பலகையில் இருந்ததையும் கிழித்தேன். லைன் வீட்டு வாசல்களில் எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

தளவாய் சொன்னார்: "ஞாயித்துக்கெழம வாறோம். குளத்துக்காக. ஒங்களுக்காக இல்ல."

"சரி" என்றேன். வலித்தது. ஆனால் சரி.

9-4-1978, ஞாயிறு

ஆறு மணிக்கே வந்துவிட்டார்கள். எங்கள் தெரு வழியாக. கல்படிக்கு முன்னால் வந்து எல்லோரும் நின்றார்கள். நான் ஒதுங்கி நின்றேன். முதலில் இறங்கு என்று சொல்ல நான் யார்?

வடிவம்மாள் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள். பின்னாலேயே கையில் கட்டோடு மாடம்மாள். பிறகு எல்லோரும். தெருவில் ஜன்னல்கள் பட்பட்டென்று சாத்திக்கொண்டன. சாத்தட்டும்.

ரத்னாபாயும் வந்தாள். பேசினாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு மூலையிலும் கடைசிச் சட்டி ஏறியது. முழுக்குளம். ஒரு இலை இல்லை. தளவாய் கரையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் எழுந்து போகவில்லை.

13-4-1978, வியாழன்

ஆபீஸுக்கு லீவு.

ஏழு மணிக்குப் புண்யாகம் ஆரம்பித்தது. வாத்தியார், ஹரிஹரய்யர், தெரு ஆண்கள் எட்டுப் பேர். நான் படியில் போகவில்லை, ரோட்டில் நின்றேன். வாத்தியார் கலசத்து ஜலத்தைக் குளத்தில் ஊற்றினார். முடிந்தது. யாருக்கும் முதலில் இறங்க மனசில்லை, நாளைக்குத்தானே விஷு என்று நின்றுகொண்டிருந்தார்கள்.

அப்போது வடிவம்மாள் வந்தாள். எண்ணெய் தேய்த்த தலை, தோளில் துண்டு, கையில் சீயக்காய்க் கிண்ணம். பின்னால் பெண்கள் ஒன்பது பேர். நான் சொல்லி வரவில்லை. எனக்குத் தெரியவே தெரியாது!

"சாமி, சுத்தம் பண்ணியாச்சுல்லா?" என்று வாத்தியாரைக் கேட்டாள்.

வாத்தியார் வாய் பிளந்தார். "ஆ... ஆச்சு."

"அப்ப நாங்க குளிக்கலாம்."

இறங்கினாள். ஒவ்வொரு படியாக, சாவகாசமாக. கழுத்தளவு போய் ஒரு முங்கு. எழுந்து மூக்கைச் சிந்தினாள். "ஐயோ, என்ன குளிர்ச்சி! ஏட்டி மாடம்மா, வாட்டி!" ஒன்பது பேரும் தொபுக் தொபுக்கென்று விழுந்தார்கள்.

ஹரிஹரய்யர் முகம் சிவந்துபோயிற்று. "ஓய், இன்னொரு தடவை பண்ணணும்" என்றார் வாத்தியாரிடம்.

வாத்தியார் காலிக் கலசத்தைப் பார்த்தார். வடிவம்மாள் தண்ணீருக்குள்ளிருந்தே சொன்னாள். "பண்ணுங்க சாமி. நாங்க தெனமும் குளிப்போம். நீங்களும் தெனமும் பண்ணுங்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கவில்லை. உரக்கச் சிரித்தேன், தெருவே கேட்கும்படி. அப்புறம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கட்டியிருந்த புடவையோடு ஓடிப்போய் விழுந்தேன். எட்டு வருஷம்! தண்ணீர் மூக்கில் ஏறி, இருமி, கண்ணெல்லாம் எரிந்தது. மாடம்மாள் முதுகில் தட்டினாள்.

14-4-1978

அம்மா பேசவில்லை. விடியற்காலையில் விஷுக்கணி மட்டும் காட்டினாள்.

30-4-1978, ஞாயிறு

கூட்டம். மினிட்ஸைப் படித்தார்கள். கையெழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். குளம் நிற்கிறது. மண்டபத்துக்கு வேறு இடம் பார்க்கப் போகிறார்களாம். பாதித் தெரு இன்னமும் குளத்தில் இறங்குவதில்லை. மீதிப் பாதி, சூடு தாங்காமல், யாரும் பார்க்காதபோது இறங்குகிறது. நான் பார்க்கிறேன்.

25-5-1978

அம்மா பேசினாள். "குளத்து வெள்ளத்தில தலை சிக்கு விடறதோ?" என்றாள். "வந்து பாரு" என்றேன். வரவில்லை.

6-8-1978, ஞாயிறு

சமூகத்துக்கு ஒரு கடிதம் கொடுக்க ஹரிஹரய்யர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் மூன்று பேர் வந்து நின்றார்கள். கரமனை ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள். அவர்கள் குளத்தையும் பாயல் மூடிவிட்டதாம். "இந்தக் குளத்தை வாரினதுக்குத் தலைமை யார்? அவாளைப் பாக்கணும்" என்றார்கள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். இரண்டடி தூரம். புடவைத் தலைப்பைக் கூடச் சரிசெய்துகொண்டேன்.

ஹரிஹரய்யர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பின்னாடி லைன் வீடு. வடிவம்மாள்னு கேளுங்கோ."

குத்தலாகத்தான் சொன்னார். எங்கள் தெருவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்கிற குத்தல். எனக்கும் ஒரு கணம் சுரீரென்று குத்தியது, பொய் சொல்லுவானேன். ஆனால் மனுஷன் பதினோரு வருஷத்தில் சொன்ன ஒரே சரியான வார்த்தை அது.

"வாங்கோ, நான் காட்டறேன்" என்று கூட்டிப் போனேன்.

வடிவம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள். "ஆளு எத்தன? எறங்க எத்தன படி இருக்கு? அதுல யாரு யாரு எறங்கலாம்? அத மொத சொல்லுங்க, பொறவு பாயலப் பாப்போம்." அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க நோட்ட எடுங்கம்மா" என்றாள் என்னிடம்.

எடுத்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். முடிந்ததும், முழுக்க ஒரு தடவை உரக்க வாசித்துக் காட்டினேன். ஒரு இடத்தில் மாற்றச் சொன்னாள். மாற்றினேன்.